கடைசி ஆளுக்குப் பின்னால்

கீழ்க்கரைச் சாலை
அக்டோபர் 31, புதன் காலை

என் மகன் க்ளோவிஸுக்கு,

இதை உட்கார்ந்து படிக்காதே. நின்றுகொண்டு படி. மடத்துப் பள்ளியில் மதர் பெர்பெத்துவா எங்களை நிற்கவைத்துத்தான் திட்டுவார். உட்கார்ந்த உடம்பில் எதுவும் ஏறாது என்பார்.

தொலைபேசியில் கூப்பிடாதே. நேற்று நீ கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுது. ஓவீட் தினமும் இந்தச் சாலை வழியாகத்தான் ஆலை பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் பதிலை அவனிடமே கொடு.

நேற்று முன்வாக்குப் பதிவின் கடைசி நாள். கீழ்க்கரைக்காரர்களுக்கு அதை விட்டால் வழியில்லை என்று உனக்குத் தெரியும். கரும்பு அரவைப் பருவத்தில் வாரத்தின் ஏழு நாளும் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை அவர்கள் உன் ஆலைக்குள் இருக்கிறார்கள். தேர்தல் நாளில் கீழ்க்கரைச் சாவடி திறக்கும்போது அவர்கள் ஷிப்டில் நிற்பார்கள். இரவு எட்டுக்கு அது மூடும்போது கரும்பு லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நிற்பார்கள். கோர்ட்டில் நடக்கும் முன்வாக்கு ஒன்றுதான் ஆலைக்குப் பக்கம். அதனால்தான் உன்னைக் கேட்டேன். என் சமையலறையில் உட்கார்ந்து, என் கம்போ குழம்பை இரண்டாம் தட்டு சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னாய்: "செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கே பஸ்ஸை அனுப்பிடறேம்மா. நீங்க கவலப்படாதீங்க."

பஸ் வரவில்லை. கோர்ட்டில் ஆறு அடித்தது. நான் எழுந்துபோய் வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றேன். அது சாவடியில் என் வேலை. எனக்கு முன்னால் நிற்பவர்களுக்கு எவ்வளவு நேரமானாலும் வாக்கு உண்டு. எனக்குப் பின்னால் வருபவர்களுக்கு இல்லை. இத்தனை தேர்தலில் ஒருவரையும் நான் நடுவில் நுழையவிட்டதில்லை, நீதிபதியின் மனைவியைக்கூட.

வரிசையில் இரண்டு பேர் மிச்சமிருந்தபோது ஓவீட்டின் பஸ் வந்து நின்றது. கரியும் பாகும் ஒட்டிய பூட்ஸோடு எல்லோரும் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தது, என்னை 'நனான்' என்று கூப்பிடும் என் ஞானமகள் வெர்லீன்.

"நனான், ஒரே ஒரு அடி பின்னால தள்ளி நில்லுங்க. நாங்க உங்களுக்கு முன்னால பூந்துக்கறோம். யாரு பாக்கப் போறா?"

"நான் பார்ப்பேன்" என்றேன்.

கொதிகலன்கார சோஸ்தேன் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். "பாத்தியா வெர்லீன்? மகன் உள்ள வெச்சுப் பூட்டறான், அம்மா வெளிய வெச்சுப் பூட்டறாங்க. என்ன ஒத்துமையான குடும்பம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். என் கையாலேயே கதவைச் சாத்தினேன்.

முன்வாக்கின் முதல் நாள் காலை நீ வாக்களிக்க வந்தது நினைவிருக்கிறதா? ஆலையின் வெள்ளை வண்டியில், இஸ்திரி போட்ட சட்டையில், வேலை நேரத்தில். பக்கத்து மேஜை மிஸ் டெல்ஃபின் கேட்டாள்: "அரவை நடக்கும்போது இவ்வளவு சாவகாசமா வந்திருக்காரே, உங்க மகனுக்கு லீவா?" நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அவனுக்கு எதுக்கு லீவு? அவன்தான் மத்தவங்களுக்கு லீவு குடுக்கறவன்."

அந்தச் சொல்லை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

உன் அம்மா,
யூலாலி நர்சிஸ்


செயின்ட் ஓடில் சர்க்கரை ஆலை
ஷிப்ட் கண்காணிப்பாளர் அலுவலகம்
அக்டோபர் 31

அன்புள்ள அம்மாவுக்கு,

நின்றுகொண்டுதான் படித்தேன். இங்கே உட்கார நேரமில்லை.

நேற்று சாயங்காலம் கரும்போடு ஓர் இரும்புத் துண்டு வந்து, அரவைக்குக் கரும்பை இழுத்துப்போகும் கேரியரில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்காமல் ஆட்களை அனுப்ப முடியாது. வெட்டிய கரும்பு காத்திருந்தால் புளித்துப்போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. பஸ் தாமதமானது என் குற்றம் அல்ல.

வாக்களிக்க விடுப்புக் கொடுத்தே ஆகவேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இருந்தாலும் நான் முயற்சி செய்தேன். நடக்கவில்லை. அடுத்த செவ்வாய் தேர்தல் நாள் இருக்கிறது. உலகம் முடிந்துவிடவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். பத்து நிமிடம்தான். நீங்கள் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் எல்லோரும் வாக்களித்திருப்பார்கள். உங்களை யார் கேட்டிருப்பார்கள்? என் கேட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். உங்கள் கதவு?

நாளை சகல புனிதர் திருநாள். அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்க இந்த வருடம் என்னால் வர முடியாது. என் பக்கத்துக்கு ஆலையின் பெயின்டரை அனுப்புகிறேன். ஸ்ப்ரே மிஷினோடு வருவான், சீக்கிரம் முடிந்துவிடும்.

அன்புடன்,
க்ளோவிஸ்


கீழ்க்கரைச் சாலை
நவம்பர் 1, சகல புனிதர் திருநாள்

க்ளோவிஸ்,

பெற்ற தாய்க்கு ஆலையின் பெயர் அச்சடித்த தாளில் எழுதியிருக்கிறாய். எனக்குக் கடிதம் எழுதியது என் மகனா, கண்காணிப்பாளர் அலுவலகமா? அடுத்த முறை வெள்ளைத் தாளில் எழுது.

உன் பெயின்டர் வந்தான், பாவம். மிஷினை இறக்கும் முன்னாலேயே திருப்பி அனுப்பினேன். என் கணவரின் கல்லறை உங்கள் சர்க்கரைக் கிடங்கின் சுவர் அல்ல.

பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் நானே சுரண்டி வெள்ளையடித்தேன். முகப்பைத் தொடவில்லை. பெயர் இருக்கும் முகப்பு உன் பக்கம். அது போன வருடத்துப் பாசியோடு பச்சையாக அப்படியே இருக்கிறது. ஊர் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக வந்து, தங்கள் தங்கள் கல்லறை பளபளக்க நின்றுகொண்டு, நம்முடையதைப் பார்த்தது. கல்லறைகளை மந்திரிக்க வந்த பங்குத்தந்தைகூட நின்றுவிட்டார்.

"மிஸஸ் நர்சிஸ், சுண்ணாம்பு தீந்துபோச்சா?"

"சுண்ணாம்பு இருக்கு ஃபாதர். மகன்தான் தீந்துபோயிட்டான்."

ஊர் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

இப்போது உன் இரும்புத் துண்டுக்கு வருகிறேன். வெர்லீனின் அம்மா கல்லறை நமக்கு இரண்டு தள்ளித்தான். சாயங்கால ஷிப்ட் ஆளிடம் கெஞ்சி, மெழுகுவத்தி ஏற்றவென்று ஓடி வந்தாள். கேட்டேன்.

"என்ன இரும்புத் துண்டு நனான்? கேரியர் பக்கத்துல நின்னவ நான்தான? நாள் பூரா கடகடன்னு ஓடிச்சு. ஓவீட் அஞ்சு மணிக்கே பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டு உக்காந்திருந்தான். கேட்டைத் தொறக்கல, அவ்ளோதான்."

உனக்குப் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அங்கே நிற்பது யார் என்றாவது யோசித்திருக்கலாம்.

என் கதவைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். நானும் உன் அப்பாவும் முதல் முறை வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போனபோது, மேஜைக்குப் பின்னால் இருந்தவன் சட்டப் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொன்னான். மடத்துப் பள்ளிக் குரலில் ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தேன். "அடுத்த வாரம் வா" என்றான். எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணை அவன் ஒன்றும் வாசிக்கச் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து ஓர் அடி தள்ளி நிற்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அன்றைக்குப் பார்த்தேன். நான் தள்ளி நிற்கமாட்டேன். என் ஆட்களுக்காகவும் மாட்டேன். ஆனால் அந்தக் கதவு ஆறு மணிக்கு மூடும் என்று ஊருக்கே தெரியும். உன் கேட்டு எப்போது திறக்கும் என்று உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

கடைசியாக உன் அப்பா. அவர் முதல் வாக்குப் போட்டதும் அரவைப் பருவத்தில்தான். "இன்னிக்கு டவுனுக்குப் போறவன் நாளைக்கு வேலைக்கு வரவேணாம்" என்றான் கங்காணி. அப்பா போனார். மறுநாள் ஆலைக் குடியிருப்பிலிருந்து நம்மை வெளியேற்றினார்கள். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். இந்தக் கதையைப் போன பிப்ரவரியில் ஆலை விருந்தில் மைக் பிடித்துச் சொன்னாய். உங்கள் ஜெனரல் மானேஜர் கின்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று எனக்குப் பெருமையாகச் சொன்னாய்.

அந்தக் கதையில் நீ இப்போது யார்? ஒனசீம் நர்சிஸா, கங்காணியா?

யூலாலி நர்சிஸ்


நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

அம்மா,

வெள்ளைத் தாள்தான். பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரியரில் எதுவும் மாட்டவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் கிளம்ப இருந்த நேரத்தில் கின்லர் என் அறைக்கு வந்தார். "க்ளோவிஸ், பஸ் ஆறுக்கு முன்னாடி போகவேணாம். யாராவது கேட்டா கேரியர் நின்னுபோச்சுன்னு சொல்லிடு" என்றார். பம்ப் என்ற சொல்லை அவர் வாயிலேயே எடுக்கவில்லை. எடுக்கவேண்டியதும் இல்லை. மழை பெய்தால் கீழ்க்கரையில் வீட்டுக்குள் தண்ணீர். அதை இறைக்கப் பம்ப் நிலையம் கட்டலாமா, அதற்கு நிலவரி போடலாமா என்பதுதான் வாக்கு. இந்த மாவட்டத்தில் நிலம் யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் "சரி சார்" என்றேன். போதுமா?

கங்காணி என்கிறீர்கள். என்னை இந்த நாற்காலிக்கு அனுப்பியது யார்? கரும்புக்காட்டில் என் மகன் கால் வைக்கக்கூடாது என்று என்னை நாள் தவறாமல் சட்டை இஸ்திரி போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது யார்? என் அறைக் கதவில் "மிஸ்டர் நர்சிஸ்" என்று பலகை மாட்டிய அன்று, அதைப் பார்க்கவென்றே ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்துக்கொண்டு ஆலைக்கு வந்தீர்கள். கைக்குட்டையால் அதைத் துடைத்தீர்கள். அந்தப் பலகையை மாட்டச் சொன்னவர் கின்லர். மாட்டியவருக்குக் கழற்றவும் தெரியும்.

எனக்கு ஐம்பது வயது. இன்னோர் ஆலையில் என்னை எடுக்கமாட்டார்கள். ஆலைக்காரர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். உங்கள் பேத்தி டெனீஸ் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அப்பா இழந்தது ஆலைக்காரன் வீட்டை. நான் இழக்கப்போவது என் வீட்டை.

முகப்பைப் பாசியோடு விட்டு என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்கள். அப்பாவையும் சேர்த்துத்தான் அவமானப்படுத்தினீர்கள். அது உங்களுக்குத் தோன்றவில்லையா?

செவ்வாயன்று ஷிப்ட் ஆறு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு பஸ் கிளம்பும். சாவடி மூடுவதற்குள் வந்து சேர்ந்தால் அவர்கள் அதிர்ஷ்டம். என்னால் அவ்வளவுதான் முடியும். நீங்கள் கேட்டுக்கு வந்து நிற்காதீர்கள். காவலாள் உங்கள் மேல் கை வைப்பதை நான் பார்க்கவேண்டாம்.

க்ளோவிஸ்


கீழ்க்கரைச் சாலை
நவம்பர் 4, ஞாயிறு

க்ளோவிஸ்,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். பலகையைத் துடைத்தது உண்மை. தொப்பியும் உண்மை. அதற்காக நான் வெட்கப்படப்போவதில்லை. என் மகன் பெயரைத்தான் துடைத்தேன், கின்லர் பெயரை அல்ல.

அப்பா இழந்தது ஆலைக்காரன் வீட்டை என்று எழுதியிருக்கிறாய். மைக் பிடித்துச் சொல்லும்போது நீ விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. அவர் ஆவேசத்தில் கிளம்பிப் போகவில்லை. முந்தின நாள் மாலையே நாங்கள் இருவரும் உட்கார்ந்து சட்டி பானைகளைக் கட்டி வைத்தோம். தொட்டிலைப் பிரித்து வைத்தோம். எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மறுநாள் போனார். எது போகும் என்று தெரிந்துதான் போனார். அவருக்குப் பயமில்லை என்று நினைக்காதே. அவர் போட்ட முடிச்சு ஒன்றுகூட நிற்கவில்லை. நான்தான் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

நான் கேட்டுக்கு வரமாட்டேன். யாரிடமும் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. செவ்வாயன்று கீழ்க்கரைப் பள்ளிக்கூடத்துச் சாவடியில் இருப்பேன். எட்டு அடித்ததும் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நிற்பேன். எட்டுக்கு ஒரு நிமிடம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பஸ் பிறகு வந்தால் பிறகு வந்ததுதான். அந்தக் கதவையும் நானே சாத்துவேன். உனக்காக.

உன்னிடம் இருக்கும் என் வீட்டுச் சாவியை ஓவீட்டிடம் கொடுத்தனுப்பு. நன்றியறிதல் நாள் விருந்துக்கு டெனீஸ் வரட்டும். அவளுக்குத் தட்டு வைப்பேன். உனக்கு வைக்கமாட்டேன்.

யூலாலி நர்சிஸ்


நவம்பர் 6, செவ்வாய்

அம்மா,

சாவி இத்துடன் இருக்கிறது.

ஓவீட்டின் பஸ் மூன்று மணிக்குக் கிளம்புகிறது. பகல் ஷிப்டில் இருக்கும் கீழ்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு ஆறு மணிவரை வேலை நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், யாருக்கும் சம்பளம் பிடிக்கமுடியாது. கேட்டை நான் திறக்கிறேன்.

பலகையைக் கழற்ற அவர்களைக் கூப்பிடவேண்டாம். என்னிடம் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது.

பதில் எழுதவேண்டாம்.

க்ளோவிஸ்


கீழ்க்கரைச் சாலை
நவம்பர் 8, வியாழன்

என் மகன் க்ளோவிஸுக்கு,

இதை உட்கார்ந்து படிக்கலாம்.

பதில் எழுதவேண்டாம் என்று எழுதியிருந்தாய். எனக்கு எப்போது எழுதவேண்டும் என்று நீ சொல்லித்தரவேண்டாம்.

செவ்வாயன்று பள்ளி விடும் நேரத்துக்கெல்லாம் பஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் வெளியே ஓட, பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். கழுவாத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சின்ன நாற்காலிகளை இடிக்காமல், பூசைக்கு நிற்பதுபோல வரிசையில் நின்றார்கள். சோஸ்தேன் மட்டும் சும்மா இருப்பாரா?

"மிஸ் யூலாலி, இன்னிக்கு நீங்க கடைசில போய் நிக்க அவசரமில்ல. உக்காருங்க, கால் வலிக்கப்போகுது."

"வரிசையில் பேசக்கூடாது" என்றேன்.

"பேசாம இருக்கத்தான் ஆலை இருக்கே!" என்றார். நானும் சிரித்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

வெர்லீன் கையெழுத்துப் போட வந்தபோது குனிந்து என் காதில் சொன்னாள்: "நனான், க்ளோவிஸ் கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. ஒவ்வொருத்தரையா பேர் சொல்லி அனுப்பினாரு. சோஸ்தேன் மாமா, 'என்ன மிஸ்டர் நர்சிஸ், கேரியர் மறுபடி நின்னுபோச்சா?'ன்னு வம்புக்கு இழுத்தாரு."

"அவன் என்ன சொன்னான்?"

"'ஆமா, இந்தத் தடவ நான்தான் நிறுத்தினேன்'னாரு."

எட்டு அடித்ததும் எழுந்து போனேன். வரிசையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் போட்டு முடித்திருந்தார்கள். ஆனாலும் போய் நின்றேன். பிறகு கதவைச் சாத்தினேன்.

பம்ப் தோற்றுவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வராத மேல்கரைக்காரர்கள் தோற்கடித்துவிட்டார்கள். அடுத்த மழைக்கும் வெர்லீன் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைக்கவேண்டியதுதான். கின்லர் உன்னைப் பணயம் வைத்தது எதற்காகவோ அது உன் பஸ் இல்லாமலே அவருக்குக் கிடைத்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெர்லீன் என்னைவிட நிதானமாக இருக்கிறாள். "தோத்தா தோத்துட்டுப் போறோம் நனான். அடுத்த வருஷம் மறுபடி கொண்டுவருவாங்க. அப்பவும் பஸ் வேணும்ல, அதுக்கு இப்பவே சண்டைய ஆரம்பிச்சுடலாம்" என்கிறாள். ஆரம்பித்துவிட்டோம். நான் மனு எழுத, அவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

இன்று காலை கல்லறைக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்து ஃபெலிசியன் ஓடி வந்தார். "மிஸ் யூலாலி, நேத்து மத்தியானம் உங்க மகன் வந்து முகப்புக்கு வெள்ளையடிச்சாரு. ஆற அமர அடிச்சாரு. அப்புறம் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு."

அரவைப் பருவத்தில், புதன்கிழமை, மத்தியானம். மேற்கொண்டு எனக்கு யாரும் எதையும் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளையடித்திருப்பதைப் பார்த்தேன். கேவலமாக இருக்கிறது. பாசியைச் சுரண்டாமல் மேலேயே பூசியிருக்கிறாய். அடுத்த மழைக்குள் உரிந்துவிடும். சுண்ணாம்பு தண்ணீராக இருந்திருக்கிறது, கீழே வரை வழிந்திருக்கிறது. அப்பா பெயரின் எழுத்துக்குள்ளெல்லாம் சுண்ணாம்பு அடைத்து, ஒனசீம் என்று வாசிக்கவே முடியவில்லை. இதற்கா உன்னை வளர்த்தேன்? முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வா. பழைய சட்டையில் வா. சுரண்டியும் சுண்ணாம்பும் நான் கொண்டுவருகிறேன். எழுத்துக்குள் அடைத்ததை எடுக்க ஓர் ஆணி கொண்டு வா. வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரலாம். டெனீஸின் கல்லூரி பற்றி உட்கார்ந்து பேசுவோம். என் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, அதையும் பேசுவோம். சாவியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓவீட் உன் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவதாகச் சொன்னான்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமைக்கு என் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது போகும். அதற்காகத் தட்டு வைக்காமல் இருக்கமாட்டேன்.

கழற்றிய பலகையைத் தூக்கி எறிந்துவிடாதே. கொண்டு வா. சுண்ணாம்பு கிளற ஒரு பலகை வேண்டும்.

உன் அம்மா,
யூலாலி நர்சிஸ்